சோள ரொட்டியும் துவரம் பருப்பும்

(தாவர உணவும் உடல் நலமும் என்ற பொருள் பற்றிப் போலாரத்தில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தாவர உணவின் நன்மைகளைப் பற்றிப் பேசுவதற்குப் போலாரத்தை விடப் பொருத்தமான இடம் கிடைப்பது அரிது. செகந்தராபாத்தின் வடபுறத்தில் பாசறை ஊராக வளர்ந்த இந்தப் பகுதியில், பிரிட்டிஷ் ரெசிடெண்டின் இல்லமாக இருந்து பின்னர் குடியரசுத் தலைவரின் தென்னக உறைவிடமாக மாறிய ராஷ்டிரபதி நிலையம் இருக்கிறது. மாவும் சப்போட்டாவும் நிறைந்த அதன் தோட்டங்களும் மூலிகைப் பாத்திகளும் 2023 மார்ச் முதல் ஆண்டு முழுவதும் பொதுமக்கள் பார்வைக்குத் திறந்து விடப்பட்டுள்ளன. வடக்கே மேட்சல் செல்லும் சாலை. அதற்கப்பால் ஒரு காலத்தில் சோளமும் துவரையும் விளைந்த தெலங்கானாவின் புன்செய் நிலங்கள். தெற்கே, செகந்தராபாத்தைக் கடந்தால், தார்நாகாவில் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். மக்கள் எதை உண்கிறார்கள், அதனால் அவர்கள் உடலுக்கு என்ன நேர்கிறது என்ற கேள்வியை நூறாண்டுகளுக்கு மேலாக ஆராய்ந்து வரும் நிறுவனம் அது.

அந்த நிறுவனத்திற்கும் தமிழகத்திற்கும் உள்ள தொடர்பு பழமையானது. 1918ஆம் ஆண்டில் நீலகிரியில் குன்னூரில், பாஸ்டர் நிலையத்தின் ஒரே ஓர் அறையில், பெரிபெரி நோயை ஆராயும் சிறு பிரிவாக ராபர்ட் மக்காரிசன் அதனைத் தொடங்கினார். ஊட்டச்சத்து ஆராய்ச்சிக் கூடமாக வளர்ந்து, 1958இல் ஹைதராபாத்துக்கு இடம் பெயர்ந்து, 1969இல் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் என்ற இன்றைய பெயரைப் பெற்றது. அதன் இயக்குநர்களுள் பெரும்புகழ் பெற்ற டாக்டர் சி. கோபாலன் சேலத்தில் பிறந்தவர்.

தெலங்கானா மக்கள் புலால் உண்பவர்கள் என்பது அனைவரும் அறிந்ததே. 2014ஆம் ஆண்டின் மாதிரிப் பதிவு அடிப்படை ஆய்வின்படி இம்மாநிலத்தில் நூற்றுக்குச் சுமார் 98 பேர் புலால் உண்போர். ஹைதராபாத் என்றவுடன் பிரியாணி நினைவுக்கு வருவதில் வியப்பில்லை. ஆயினும் ஓர் உண்மையை மறந்துவிடக் கூடாது. புலால் உண்போர் என்று கணக்கில் குறிக்கப்பட்ட கூலித் தொழிலாளியின் வீட்டில் இறைச்சி சமைக்கப்படுவது ஞாயிற்றுக்கிழமையிலோ, போனாலுப் பண்டிகையிலோ தான். மற்ற நாட்களில் அவர் தட்டில் இருப்பது சோறு, புளிச்சாறு, சிறிது ஊறுகாய். கொள்கையால் அன்றி வறுமையால் தாவர உணவு உண்ணும் கோடிக்கணக்கானோர் வாழும் நாடு இது. ஆகவே தாவர உணவா, புலால் உணவா என்ற வழக்கு நம் நாட்டுக்கு ஓரளவே பொருந்தும். எந்தத் தாவர உணவு, எதனுடன் சேர்த்து, எவ்வளவு என்பதே இங்குக் கேட்கப்பட வேண்டிய கேள்வி.

தக்காணம் கற்பித்த பாடம்

இந்தக் கேள்விக்கு விடை காணும் முயற்சியில் தக்காணப் பீடபூமிக்குத் தனி இடம் உண்டு. அரிசியை உண்ட மக்களையும் சோளத்தை உண்ட மக்களையும் அருகருகே வைத்துப் பார்க்கும் வாய்ப்பை அது ஆராய்ச்சியாளர்களுக்கு அளித்தது.

முதலில் அரிசி. சென்னை மாகாணத்தின் வட சர்க்கார் மாவட்டங்களில், அதாவது இன்றைய ஆந்திரக் கடற்கரைப் பகுதியில், பெரிபெரி நோய் வேரூன்றியிருந்தது. கால்கள் மரத்துப் போகும், நடை தளரும், சிலருக்கு உடல் வீங்கி இருதயம் செயலிழக்கும். அதே மாகாணத்தின் தமிழ் மாவட்டங்களிலும் அரிசியே முக்கிய உணவு. ஆனால் அங்கு அந்நோய் மிக அரிது. இருவரும் அரிசியே உண்ண, ஒருவருக்கு மட்டும் நோய் வருவானேன்? ஆந்திரக் கடற்கரையில் ஆலையில் தீட்டிய பச்சரிசியை உண்டார்கள். தமிழ் மாவட்டங்களில் பெரும்பாலோர் புழுங்கல் அரிசி உண்டார்கள். நெல்லை ஊற வைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளைப்பகுதியிலும் உள்ள தயமின் என்னும் பி1 வைட்டமின் அரிசியின் உட்புறத்திற்குள் ஊடுருவி விடுகிறது. பிறகு தீட்டினாலும் முழுவதும் போவதில்லை. தஞ்சையிலும் செங்கற்பட்டிலும் நெல் அவித்த பெண்களுக்கு இந்த விஞ்ஞானம் தெரியாது. நெல் நொறுங்காமல் இருக்கவும் அரிசி கெடாமல் இருக்கவும் அவர்கள் செய்த வேலை ஒரு மாகாணத்தின் பாதி மக்களைக் காப்பாற்றியது.

குன்னூரில் மக்காரிசன் செய்த சோதனையும் இதனோடு சேர்த்து எண்ணத்தக்கது. நாட்டின் பல பகுதி மக்கள் உண்ணும் உணவுகளை அவர் எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்து வளர்த்தார். முழுக் கோதுமை ரொட்டி, பருப்பு, காய்கறி, கீரை, பழம், பால், வெண்ணெய், எப்போதாவது சிறிது இறைச்சி என்றமைந்த பஞ்சாப் சீக்கியர் உணவை உண்ட எலிகளே வளர்ச்சியிலும் ஆரோக்கியத்திலும் முதலிடம் பெற்றன. தீட்டிய அரிசியைப் பெரும்பகுதியாகக் கொண்ட சென்னை, வங்காள உணவுகளை உண்டவை கடைசியில் நின்றன. தமிழர்களுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தி அன்று. ஆனால் இரண்டுமே பெரும்பாலும் தாவர உணவுகள்தாம் என்பதைக் கவனிக்க வேண்டும். இரண்டுக்கும் இடையே இருந்த தூரம், தானியத்தைத் தவிர வேறு என்ன தட்டில் இருந்தது என்பதால் விளைந்தது.

இனி, சோளம். அரிசியைத் தீட்டுவதால் தீங்கு. ஆகவே முழுத் தானியமாகிய சோளத்தை உண்போர் நோயின்றி வாழ்ந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. சென்ற நூற்றாண்டின் நடுவில் ஹைதராபாத் மருத்துவமனைகளுக்கு வந்த ஏழை விவசாயக் கூலிகள் இந்த எதிர்பார்ப்பைப் பொய்யாக்கினார்கள். கழுத்து, புறங்கை, பாதம் என வெயில் படும் இடங்களில் தோல் கறுத்து வெடித்திருந்தது, வயிற்றுப்போக்கு, சிலருக்கு மனக்குழப்பம், பித்து. இதுவே பெலக்ரா. நயாசின் என்ற பி வைட்டமின் குறைவால் வருவது. மக்காச்சோளத்தையே நம்பி வாழ்ந்த ஐரோப்பிய, அமெரிக்க ஏழைகளிடம் இந்நோய் பெருவாரியாக இருந்தது. அது தொற்றுநோய் அன்று, உணவுக் குறைவின் விளைவு என்று அமெரிக்காவில் ஜோசப் கோல்ட்பெர்கர் 1915ஆம் ஆண்டளவில் நிறுவினார்.

மக்காச்சோளத்தில் நயாசின் உடலுக்குக் கிட்டாத வடிவில் கட்டுண்டிருக்கிறது. நயாசினாக மாறக்கூடிய டிரிப்டோபேன் என்ற அமினோ அமிலமும் அதில் குறைவு. நம் சோளத்திலோ இந்த இரு குறைகளும் அந்த அளவுக்கு இல்லை. அப்படியிருந்தும் நோய் வந்தது ஏன் என்ற புதிரைக் கோபாலனும் ஸ்ரீகாந்தியாவும் எடுத்துக்கொண்டு, 1960இல் லான்செட் இதழில் தம் கருத்தை வெளியிட்டார்கள். சோளப் புரதத்தில் லூசின் என்ற அமினோ அமிலம் அளவுக்கு மிஞ்சி இருக்கிறது. அது டிரிப்டோபேன் நயாசினாக மாறுவதைக் குலைக்கிறது என்பது அவர்கள் விளக்கம். பிற்காலத்தில் வேறு ஆய்வாளர்கள் இந்த விளக்கத்தின் மீது ஐயம் எழுப்பியதும் உண்டு. எனினும் நோய் யாருக்கு வந்தது என்பதில் ஐயமில்லை. பருப்பும் பாலும் கீரையும் இன்றி, மூன்று வேளையும் சோளத்தையே உண்டவர்களுக்கு அது வந்தது. சோள ரொட்டியைப் பருப்போடும் கீரையோடும் மோரோடும் உண்ட நிலமுள்ள குடும்பங்களை அது பெரும்பாலும் அணுகவில்லை. குற்றம் தனிமைப்படுத்தப்பட்ட தானியத்துடையது.

இதே வரிசையில் கேசரிப் பருப்பையும் சேர்க்கலாம். வறட்சியிலும் விளையும் அந்தப் பருப்பை மத்திய இந்தியாவில் கூலியாக வாங்கி, மாதக்கணக்கில் அதையே உண்ட தொழிலாளர்கள் கால் விளங்காமல் போனார்கள். தாவர உணவு என்ற பெயர் ஒன்றே நலத்துக்கு உறுதி தந்துவிடாது.

சேர்க்கையின் பலன்

எனில், தாவர உணவுக்குச் சிறப்பே இல்லையா? மிகப் பெரிய சிறப்பு உண்டு. அது சேர்க்கையில் இருக்கிறது.

தானியப் புரதத்தில் லைசின் என்ற அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது நிறைவு. பருப்பில் மெத்தியோனின் குறைவு. தானியத்தில் அது போதிய அளவு உண்டு. மூன்று பங்கு தானியத்திற்கு ஒரு பங்கு பருப்பு என்ற அளவில் சேரும்போது ஒன்றின் குறையை மற்றொன்று நிரப்பி, உயர்தரப் புரதமாகிறது. இட்லி, பொங்கல், அடை, கிச்சடி ஆகியவற்றில் இந்தக் கணக்கு தானாகவே அமைந்திருக்கிறது. தெலங்கானாவின் சோள ரொட்டியோடு புளிச்சகீரைப் பருப்பும் சேர்ந்தால் அதுவும் இந்த வரிசையில் நிற்கும்.

அளவுகளையும் பார்க்கலாம். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2017இல் வெளியிட்ட இந்திய உணவுப் பொருள் சத்து அட்டவணையின்படி, 100 கிராம் தீட்டிய அரிசியில் நார்ப்பொருள் 3 கிராமுக்கும் குறைவு. சோளத்தில் சுமார் 10 கிராம். கம்பிலும் கேழ்வரகிலும் 11 கிராமுக்கு மேல். அரிசியில் இரும்புச்சத்து ஒரு மில்லிகிராம்கூட இல்லை. கம்பில் 6 மில்லிகிராமுக்கு மேல். கேழ்வரகின் கால்சியம் 364 மில்லிகிராம். பசும்பாலில் இருப்பதோ சுமார் 118. துவரம் பருப்பில் புரதம் 21 கிராமுக்கு மேல். தீட்டிய அரிசியில் சுமார் 8.

நார்ப்பொருள் செரிமானமாகாத சக்கை என்று கருதப்பட்ட காலம் போய்விட்டது. அது குடலில் சர்க்கரை உறிஞ்சப்படும் வேகத்தைத் தணிக்கிறது. பித்தநீரோடு கொலஸ்டிராலை வெளியேற்றுகிறது. பெருங்குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கு உணவாகிறது. கலிபோர்னியாவை மையமாகக் கொண்டு, வட அமெரிக்காவின் அட்வென்டிஸ்ட் கிறிஸ்தவர்கள் 73,000க்கும் மேற்பட்டோரைப் பின்தொடர்ந்து 2013இல் வெளியான ஆய்வில், தாவர உணவுக்காரர்களிடையே இறப்பு மற்றவர்களை விட 12 சதவிகிதம் குறைந்திருந்தது. பிரிட்டனில் 48,000 பேரைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆக்ஸ்போர்டு ஆய்வில், தாவர உணவுக்காரர்களுக்கு இருதய நோய் 22 சதவிகிதம் குறைவு. ஆனால் மூளை ரத்தக்குழாய் வெடிப்பு முதலியவற்றால் வரும் பக்கவாதம் 20 சதவிகிதம் மிகுதி. இந்த இரண்டாவது செய்தியைப் பிரசாரகர்கள் பொதுவாகச் சொல்வதில்லை.

மேல்நாட்டு ஆய்வுகள் ஒருபுறம் இருக்கட்டும். ஹைதராபாத்துக்கு அருகிலேயே நடந்த ஒன்று இதைவிடப் பெரிய கவனத்துக்கு உரியது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் படிப்படியாக விரிவாக்கப்பட்டு வந்த காலத்தில், 1987 முதல் 1990 வரை, நகருக்கு அருகிலுள்ள 29 கிராமங்களைத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது. 15 கிராமங்களில் கருவுற்ற தாய்மார்களுக்கும் ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கும் நாள்தோறும் கூடுதல் உணவு வழங்கப்பட்டது. மற்ற 14 கிராமங்களில் அத்திட்டம் அப்போது வந்து சேரவில்லை. வழங்கப்பட்ட உணவு யாதெனில், மக்காச்சோளமும் சோயாவும் கலந்த மாவில் சோயா எண்ணெய் சேர்த்துக் கிளறிய உப்புமா. தாய்க்குச் சுமார் 500 கலோரி, 20 முதல் 25 கிராம் புரதம். குழந்தைக்கு அதில் பாதி.

அந்தக் குழந்தைகள் 13 முதல் 18 வயது அடைந்தபோது, 2003க்கும் 2005க்கும் இடையில், ஆராய்ச்சியாளர்கள் திரும்ப வந்து 1,100க்கும் மேற்பட்டோரை அளந்தார்கள். முடிவுகள் 2008இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வெளியாயின. உப்புமா கிடைத்த கிராமங்களின் இளைஞர்கள் 14 மில்லிமீட்டர் உயரம் கூடுதலாக வளர்ந்திருந்தார்கள். இது சிறு வேறுபாடு. ஆனால் அவர்களது உடலில் இன்சுலின் எதிர்ப்புத் தன்மை ஏறத்தாழ 20 சதவிகிதம் குறைந்திருந்தது; ரத்தக் குழாய்களின் விறைப்பும் குறைந்திருந்தது. நீரிழிவுக்கும் இருதய நோய்க்கும் முன்னறிகுறிகளாகக் கருதப்படும் இரண்டும், பள்ளி வயதுக்கு முன் தின்ற உப்புமாவின் தடத்தைப் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகும் தாங்கி நின்றன.

இங்கே எச்சரிக்கையும் வேண்டும். அங்கே உப்புமாவோடு ஒப்பிடப்பட்டது இறைச்சியோ முட்டையோ அன்று. கூடுதல் உணவே இல்லாத நிலை. எனவே தாவர உணவு புலாலை வென்றது என்று இதிலிருந்து முடிவு கட்ட இயலாது. தானியமும் பருப்பினமும் கலந்த எளிய உணவு, உரிய வயதில், உரிய அளவில் கிடைத்தால் அதன் நன்மை வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடும் என்பதை மட்டுமே இது காட்டுகிறது. வளரும் நாடு ஒன்றுக்கு அந்த அளவு சான்றே பெரிது.

அரிசியின் வெற்றியும் அதன் விலையும்

பெலக்ரா இன்று ஹைதராபாத்தில் அரிதாகிவிட்டது. மக்கள் சோளத்தை விட்டதும், உணவில் ஓரளவு பல்வகைமை வந்ததும் அதற்குக் காரணங்கள். 1983இல் ஆந்திரப் பிரதேசத்தில் என். டி. ராமராவ் ஆட்சி கிலோ இரண்டு ரூபாய்க்கு அரிசி வழங்கத் தொடங்கியது. பசி தணிந்தது என்பதை யாரும் மறுக்க முடியாது. அதே வேளையில் புன்செய் விவசாயி தான் விளைவித்த சோளத்தை விட மலிவாக அரிசி வாங்க முடிந்தது. சோள நிலங்கள் பருத்திக்கும் மக்காச்சோளத்துக்கும் மாறின. சோளத்தோடு ஊடுபயிராக நின்ற துவரை, தட்டைப்பயறு, எள், களையாக முளைத்த கீரைகள் ஆகிய அனைத்தும் அந்நிலத்தோடு போயின. 2025 முதல் தெலங்கானா நியாய விலைக் கடைகளில் ஆளுக்கு 6 கிலோ சன்ன அரிசி இலவசமாக வழங்கப்படுகிறது. மோட்டா அரிசியை விரும்பாத மக்கள் அதனை மனமார வரவேற்றிருக்கிறார்கள். அரிசியின் தரம் உயர்ந்திருக்கிறது. தட்டின் நிலை அவ்வளவாக மாறவில்லை.

இதன் விலை வேறு கணக்கில் எழுதப்படுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வு, நம் நாட்டில் நீரிழிவு நோயாளிகள் 10.1 கோடிப் பேர் என்று மதிப்பிட்டது. 2019-21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 57 சதவிகிதத்தினருக்கு ரத்தசோகை. ஒரே தெருவில், ஏன், ஒரே வீட்டில், சர்க்கரை மிகுந்தவரும் ரத்தம் குறைந்தவரும் இருக்கிறார்கள். இருவரும் உண்பது ஒரே சோறு.

சிறுதானியங்களுக்குத் திரும்பினால் போதும் என்று கூறுவோர் உளர். இந்தியாவின் முயற்சியால் ஐக்கிய நாடுகள் சபை 2023ஐச் சர்வதேசச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. ராஜேந்திரநகரில் உள்ள இந்தியச் சிறுதானிய ஆராய்ச்சி நிறுவனமும், பட்டான்சேருவில் 1972இல் தொடங்கப்பட்ட இக்ரிசாட் நிறுவனமும் ஹைதராபாத்தை இத்துறையின் தலைநகரமாக ஆக்கியிருக்கின்றன. இக்ரிசாட் விஞ்ஞானிகள் முன்னின்று, 11 நாடுகளில் நடந்த ஆய்வுகளைத் தொகுத்து 2021இல் வெளியிட்ட கட்டுரை, சிறுதானியம் உண்டோருக்கு வெறும் வயிற்றுச் சர்க்கரை சுமார் 12 சதவிகிதமும் உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சுமார் 15 சதவிகிதமும் குறைந்ததாகக் கூறிற்று. ஆனால் 1,21,000 பேரின் உணவை ஆராய்ந்து 2025இல் வெளியான மற்றொரு இந்திய ஆய்வு இந்த உற்சாகத்துக்குச் சிறிது கடிவாளம் இடுகிறது. நம் மக்கள் பெறும் கலோரிகளில் 62 சதவிகிதம் மாவுச்சத்திலிருந்து வருகிறது. மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல், தீட்டிய அரிசிக்குப் பதிலாகக் கோதுமை மாவையோ சிறுதானிய மாவையோ வைத்தால் மட்டும் நீரிழிவு வாய்ப்புக் குறைவதாகத் தெரியவில்லை. அந்த மாவுச்சத்தில் ஐந்து சதவிகித கலோரி அளவைப் பருப்பு முதலிய தாவரப் புரதத்துக்கோ பால் புரதத்துக்கோ மாற்றினால் வாய்ப்புக் குறைகிறது. அறுபது ஆண்டுகளுக்கு முன் சோள உணவுக்காரர்களிடம் கோபாலன் கண்டதும், இன்று அரிசி உணவுக்காரர்களிடம் காணப்படுவதும் பெரிதும் ஒத்திருப்பது வியப்புக்குரியது.

சேர்க்கையை நிலத்திலேயே மீட்டெடுத்த முயற்சியும் தெலங்கானாவில் உண்டு. ஹைதராபாத்துக்கு மேற்கே ஜஹீராபாத் வட்டாரத்தில், 1983இல் தோன்றிய தக்காண வளர்ச்சிச் சங்கத்தைச் சேர்ந்த தலித் பெண்கள், தரிசாகக் கிடந்த சிறு நிலங்களில் சோளம், தினை, சாமை, துவரை, கொள்ளு, ஆளி விதை என ஒரே வயலில் பலவற்றைச் சேர்த்து விதைக்கிறார்கள். தம் ஊர்த் தானியத்தைத் தாமே சேமித்து, தம் ஊர் ஏழைகளுக்கே விநியோகிக்கும் முறையையும் அமைத்தார்கள். விதைக்காமலே முளைக்கும் கீரைகள் பலவற்றைக் களை என்று பிடுங்கி எறியாமல் சமைக்கிறார்கள். ஐ.நா. வளர்ச்சித் திட்டத்தின் பூமத்திய ரேகைப் பரிசு 2019இல் இவர்களுக்குக் கிடைத்தது. ஊட்டச்சத்து நிபுணர் தட்டில் வரைந்து காட்டும் படத்தை இப்பெண்கள் வயலில் வரைந்திருக்கிறார்கள் எனலாம்.

போலாரத்துச் சமையலறையில்

சென்னைப் படைகளோடு செகந்தராபாத் வட்டாரத்துக்கு வந்த தமிழ்க் குடும்பங்கள் புழுங்கல் அரிசியையும் சாம்பாரையும் உடன் கொண்டு வந்தன. இந்த மண்ணின் சோள ரொட்டி, புளியந்துளிர், புளிச்சகீரை ஆகியவை அடுத்த வீட்டில் இருந்தன. இரண்டும் கலக்கத் தடை ஏதுமில்லை. தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024 மே மாதம் வெளியிட்ட உணவு வழிகாட்டி, 2,000 கலோரி தேவைப்படுவோருக்கு நாளொன்றுக்கு 250 கிராம் தானியம், 85 கிராம் பருப்பினங்கள், 400 கிராம் காய்கறி, கீரை, 100 கிராம் பழம், 300 மில்லிலிட்டர் பால், 35 கிராம் கொட்டைகளும் விதைகளும் என்று கூறுகிறது. முட்டை, மீன், இறைச்சி உண்போர் பருப்பின் ஒரு பகுதிக்கு மாற்றாக அவற்றைக் கொள்ளலாம். தானியத்திலிருந்து வரும் கலோரி 45 சதவிகிதத்தைத் தாண்டலாகாது என்பது அதன் பரிந்துரை. நாட்டின் நோய்ச் சுமையில் 56.4 சதவிகிதத்துக்குத் தவறான உணவு காரணம் என்றும் அதே வழிகாட்டி மதிப்பிடுகிறது.

முற்றிலும் தாவர உணவை நாடுவோர் ஒன்றை மறக்கக் கூடாது. பி12 வைட்டமின் தாவர உணவில் நம்பத்தகுந்த அளவில் கிடைப்பதில்லை. பால், தயிர், மோர் ஆகியவை தாவர உணவுக்காரர்களுக்கு அதன் வாயில்கள். அவற்றையும் விலக்குவோர் மருத்துவர் ஆலோசனைப்படி மாத்திரையாகவோ செறிவூட்டிய உணவாகவோ அதனைப் பெற வேண்டும். கைகால் மரத்தல், சோர்வு, ஞாபக மறதி ஆகியவற்றை வயதின் குற்றம் என்று ஒதுக்கிவிடும் முதியோர் இதனை எண்ணிப் பார்ப்பது நல்லது.

கீரையிலும் தானியத்திலும் உள்ள இரும்புச்சத்து எளிதில் உடலில் சேர்வதில்லை. தானியத்தில் உள்ள ஃபைட்டேட் அதனைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. நெல்லிக்காய், எலுமிச்சை, கொய்யா போன்ற சி வைட்டமின் மிகுந்தவை உடன் இருந்தால் சேரும் அளவு கூடும். மாவைப் புளிக்க வைத்தாலும் பயறை முளை கட்டினாலும் ஃபைட்டேட் குறையும். உணவு முடிந்த கையோடு தேநீர் அருந்தினால் இரும்புச்சத்து சேர்வது குறையும். செகந்தராபாத் மக்களிடம் இரானி தேநீரைக் கைவிடச் சொல்லும் துணிவு எவருக்கும் வராது. ஒரு மணி நேரம் தள்ளிப் போடுமாறு கேட்டுக்கொள்ளலாம்.

எண்ணெயில் பொரித்த மைதாப் பண்டமும் தாவர உணவே. வனஸ்பதியும் தாவர எண்ணெயே. இருதயத்துக்குக் கேடு செய்யும் டிரான்ஸ் கொழுப்பு எண்ணெய்களில் 2 சதவிகிதத்தைத் தாண்டலாகாது என்ற விதி 2022 முதல் நடைமுறையில் உள்ளது. மறுமுறை காய்ச்சிய எண்ணெயில் அது மீண்டும் உருவாகும் என்பதைத் தெருவோர பஜ்ஜிக் கடைக்காரர்களும் வாடிக்கையாளர்களும் தெரிந்துகொள்ள வேண்டும்.

இவ்வளவும் தெரிந்த பின் எஞ்சுவது பணக் கணக்கு. கீரைக்கட்டு மலிவு. பருப்பு மலிவன்று. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம் அரிசி, கோதுமை, சிறுதானியம் ஆகிய மூன்றுக்குமே உரிமை வழங்குகிறது. பருப்பு அந்தச் சட்டத்தின் உறுதிமொழியில் இடம் பெறவில்லை. சிறுதானியத்துக்கு வழி இருந்தும் பெரும்பாலான கடைகளில் அரிசியும் கோதுமையுமே கிடைக்கின்றன. தமிழ்நாடு அரசு 2007 முதல் சிறப்புப் பொது விநியோகத் திட்டத்தின் கீழ், குடும்ப அட்டை ஒன்றுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பை மானிய விலையில் வழங்கி வருகிறது. 30 ரூபாய் என்பது அதன் விலை. பிற மாநிலங்கள் பின்பற்றத்தக்க முயற்சி என்பதில் ஐயமில்லை. நால்வர் கொண்ட குடும்பத்துக்கு அந்த ஒரு கிலோவை மாதத்தின் முப்பது நாட்களுக்குப் பங்கிட்டால், ஆளுக்கு நாளொன்றுக்கு 8 கிராம் வரும். பரிந்துரைக்கப்பட்ட அளவு 85 கிராம். மீதி 77 கிராமைச் சந்தை விலையில் வாங்க வேண்டியவர், நாள் கூலிக்குச் செல்லும் தாய்.